தூக்க முடியாத கல்லும் மாறாத கடவுளும்

கேள்வி: கடவுள் நம்பிக்கையோடு வளர்ந்தவள் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் கேட்டாள்: "எல்லாம் வல்ல கடவுளால், தன்னாலேயே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா? முடியும் என்றாலும் முடியாது என்றாலும் அவரால் ஆகாத ஒன்று இருக்கிறதே! நாளைக்கு நான் செய்யப்போவது அவருக்கு முன்பே தெரியும் என்றால் அது என் விருப்பம் எப்படி ஆகும்? அவர் மாறவே மாட்டார் என்றால் நீ எதற்கு வேண்டிக்கொள்கிறாய்?" பதில் தெரியாமல் கத்திவிட்டேன். அதிலிருந்து கண்ணை மூடினாலே அந்தக் கேள்விகள்தான் வருகின்றன. முரண்பாடான ஒன்றையா நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதல் வேலையாக, கத்தியதற்கு மகளிடம் வருத்தம் சொல்லிவிடுங்கள். அவள் கேட்டது திமிரில் வந்த கேள்வி இல்லை. பக்தியில் ஊறியவர்களே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

மூன்றில் கல் கேள்விதான் எளிது. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் சொன்னது இது: தனக்குத்தானே முரணான ஒன்று, செய்யக்கூடிய செயல்களின் கணக்கிலேயே வராது. 'நாலு மூலை வட்டம்' என்று வாயால் சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் எங்கும் இல்லை. எதையும் தூக்க வல்லவரால் தூக்க முடியாத கல்லும் அப்படித்தான். "தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டவர் எப்படி எல்லாம் வல்லவர்?" என்று மகள் மடக்கலாம். கணித உண்மைகளைக்கூடக் கடவுள்தான் நிலைநாட்டினார் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் 1630இல் கடிதங்களில் எழுதினார். சரி, அந்த வழியிலேயே போவோம். தர்க்கத்தையே மீற வல்லவர் என்றால், தூக்க முடியாத கல்லைப் படைத்துவிட்டு அதைத் தூக்கியும் விடுவார். எந்த வழியில் போனாலும் அந்தக் கல் அவருக்குப் பாரமில்லை.

நாளைய செயலைப் பற்றிய கேள்விக்கு, 6ஆம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமானியத் தத்துவவாதி போயத்தியஸ் ஒரு பதில் எழுதினார். ஒருவர் நடந்துபோவதை நான் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் அவர் நடக்கவில்லை. கடவுளுக்கு நேற்று, நாளை கிடையாது. எல்லாக் காலமும் ஒருசேர அவர் கண்முன் இருக்கிறது. அதனால் 'முன்பே' தெரியும் என்ற பேச்சே அவருக்குப் பொருந்தாது. அழகான பதில். பல வருடங்கள் இதை நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஆனால் உண்மையான நெருடல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வருட நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லா நாளும் இருக்கின்றன, ஒன்றுகூட விடுபடவில்லை. இன்று எந்த நாள் என்பது மட்டும் அதில் இல்லை. காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒருசேரப் பார்ப்பவருக்கு, 'இப்போது' எது என்று தெரியுமா? தெரியும் என்றால், நொடிக்கு நொடி அந்த அறிவு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அவர் மாறாதவர் இல்லை. தெரியாது என்றால், எல்லாம் அறிந்தவர் இல்லை. நார்மன் கிரெட்ஸ்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1966இல் இந்த முடிச்சை முன்வைத்தார். 'இப்போது' என்பது வெறும் பேச்சு வழக்கு, தேதியும் நேரமும் தெரிந்தால் எல்லாம் தெரிந்ததுதான் என்று பதில் சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிப்பவர் "அப்பாடா, முடிந்தது" என்கிறார். எத்தனை மணிக்கு முடியும் என்று அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்த 'அப்பாடா' முதல் நாள் வரவில்லையே! இப்படி ஒரு நிம்மதியை வைத்துத்தான் ஆர்தர் பிரையர் என்ற தத்துவவாதி 1959இல் இதே வாதத்தைச் செய்தார்.

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். 'எல்லாம் அறிந்தவர்', 'எந்த விதத்திலும் மாறாதவர்' இரண்டையும் முழுக் கறாராக எடுத்துக்கொண்டால் சேர்ந்து நிற்காது என்பதே என் முடிவு. ஒன்றைத் தளர்த்த வேண்டும் என்றால் நான் மாறாமையைத் தளர்த்துவேன். முழுமையானது மாறினால் குறைந்துதான் போகும் என்ற பழைய கிரேக்க எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. சரியாக ஓடும் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும், நின்றுபோனால்தான் பழுது. குணத்திலும் வாக்கிலும் மாறாதவர், ஆனால் நடப்பதை நடக்கும்போது அறிபவர் என்று சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துன்பம் தொடாதவர் எப்படி இரக்கமுள்ளவராக இருக்க முடியும் என்று 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி கடவுளிடமே கேட்டார். நம் அனுபவத்தில் நீர் இரக்கமுள்ளவர், உம் அனுபவத்தில் அல்ல என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எத்தனை முறை படித்தாலும் என் மனம் அதை ஒப்புவதில்லை. நீங்கள் அழும்போது அவருக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், அதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மகளின் மூன்றாவது கேள்வி குத்துவதும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மகளிடம் மறைக்காதீர்கள். கடவுளைக் காலத்துக்குள் கொண்டுவந்தால் போயத்தியஸின் பதில் கைவிட்டுப் போகும். நாளைய செயலைப் பற்றிய கேள்வி திரும்பி வரும். சில இறையியலாளர்கள் இதற்குத் துணிந்து ஒரு பதில் சொல்கிறார்கள்: நாளை நீ சுதந்திரமாக எடுக்கப்போகும் முடிவு இன்னும் உருவாகவே இல்லை, இல்லாத ஒன்றை அறியாதிருப்பது அறியாமை ஆகாது. நாலு மூலை வட்டத்தை வரையாதது இயலாமை ஆகாதது போல. நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். நம்பிக்கையுள்ள பலர் இதை ஏற்கமாட்டார்கள். நாளையே தெரியாதவரிடம் எப்படி நம்மை ஒப்படைப்பது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பண்புகளையும் அவற்றின் உச்ச அளவில் ஒரே பட்டியலில் போட்டால் அந்தப் பட்டியலில் முரண் வரலாம். நீங்கள் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டது அந்தப் பட்டியலிடமா, உங்களைக் கேட்கிற ஒருவரிடமா? கேட்கிற ஒருவர் என்றால், வேண்டுவதில் முரண் எதுவும் இல்லை.

மகளிடம் உட்கார்ந்து அந்த நாட்காட்டியைப் பற்றிப் பேசுங்கள். நாளை என்பது ஏற்கெனவே அங்கே இருக்கிறதா, இனிமேல்தான் உருவாகுமா என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.