குழந்தைகளோடு தீவுக்கு: ஏஜென்ட் சொல்லாத கணக்கு

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளோடு ஏதாவது ஒரு தீவுக்குப் போக ஆசை. மகளுக்கு நாலரை வயது. மகனுக்கு டிசம்பர் 27ஆம் தேதி இரண்டு வயது முடிகிறது. 24ஆம் தேதி கிளம்பி 28ஆம் தேதி திரும்புகிற மாதிரி மாலத்தீவு பேக்கேஜ் ஒன்றுக்கு ஏஜென்ட் 2,40,000 ரூபாய் சொல்கிறார். குழந்தைகள் இரண்டு பேரும் இலவசமாம். என் கணவர் அந்தமானே போதும் என்கிறார். எதை எடுக்கலாம்?
வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூர்

பதில்: நான் உங்கள் கணவர் பக்கம். மாலத்தீவைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தேதிக்கு, இந்த விலையை நம்பிப் போக வேண்டாம்.

முதலில் அந்த 'இலவசம்' என்னவென்று பார்த்துவிடுவோம். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை, பெற்றோர் மடியில் உட்கார்ந்து கைக்குழந்தைக் கட்டணத்தில் பறக்கலாம். டிக்கெட் எடுக்கும் நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை, பறக்கும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. போகும்போது உங்கள் மகன் கைக்குழந்தை. 28ஆம் தேதி திரும்பும்போது அவனுக்குத் தனி சீட், தனி டிக்கெட் வேண்டும். ஏஜென்ட் இரண்டு வழிக்கும் கைக்குழந்தை என்று போட்டிருந்தால், மாலே விமான நிலையத்தில் பெட்டியும் பிள்ளையுமாக நின்றுகொண்டு அன்றைய விலைக்கு டிக்கெட் வாங்க வேண்டிவரும். மகளுக்கு எப்படியும் முழு சீட்தான். அப்படியானால் இலவசம் என்பது, அறையில் கூடுதல் படுக்கைக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்ற அளவில்தான் இருக்கும். அதையாவது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஹோட்டல் பில். மாலத்தீவில் பல இடங்களில் டாலர் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். மற்றது சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகை மேல் வரி விழும்போது, மெனுவில் 100 டாலர் என்று இருக்கும் சாப்பாடு பில்லில் 128 டாலர் 70 சென்ட் ஆகிவிடும். அப்புறம் பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் கீழே விலக்கு உண்டு, உங்கள் மகளுக்குக் கிடையாது. மூன்று பேருக்கு நான்கு இரவு என்றால் 144 டாலர், ரூபாயில் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம். போதாக்குறைக்கு நீங்கள் இறங்குவதே 24ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் டிசம்பர் 31 இரவும் விருந்து என்று சொல்லி, வேண்டுமோ வேண்டாமோ, கட்டாயக் கட்டணம் வாங்கும் ரிசார்ட்டுகள் நிறைய. இவையெல்லாம் அந்த 2,40,000க்குள் வருமா என்று கேட்டுப் பாருங்கள். 'மேடம், அது ஹோட்டலில் நேரடியாகக் கட்டுவது' என்று பதில் வந்தால் உங்களுக்குச் சொன்னது பாதி விலைதான்.

இன்னும் பெரிய செலவு விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம்தான் வழி. போக வர பெரியவர் ஒருவருக்குப் பல நூறு டாலர் ஆகும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பெங்களூர் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயிலோ உங்கள் செலவில் தங்க வேண்டியதுதான். கடல் விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்ற கணக்கு வேறு. டயபர், பால் பவுடர், ஸ்ட்ரோலர் எல்லாம் எடுத்துப் போகிறவர்களுக்கு இது சிரமம்.

விளம்பரப் படத்தில் வரும் தண்ணீர் மேல் வில்லா வேண்டவே வேண்டாம். படுக்கையறைக் கதவைத் திறந்தால் மரத்தளம், தளத்தின் ஓரத்தில் கடலுக்குள் இறங்கும் ஏணி. பல வில்லாக்களில் அந்த ஓரத்துக்குக் கைப்பிடிச் சுவரே இருக்காது. சின்னப் பிள்ளைகளை அங்கே தங்கவிடாத ரிசார்ட்டுகளும் உண்டு. இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நான்கு நாளும் கதவுக்குக் காவல் இருக்கவா இவ்வளவு பணம்? என்றைக்காவது மாலத்தீவு போவதாக இருந்தால் ஸ்பீட்போட்டில் போகும் தூரத்தில் உள்ள தீவு, கரையில் உள்ள வில்லா, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி என்று கேளுங்கள்.

இனி அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், பில் ரூபாயில் வரும், ஏதாவது தகராறு என்றால் பிடித்துக் கேட்க ஆள் இந்தியாவிலேயே இருப்பார். பெங்களூரிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது, அதனால் இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள். ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைக்கு ரசம் சோறு வேண்டும் என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

அங்கேயும் ஏஜென்ட்டுகள் ஒன்று செய்வார்கள். நான்கு இரவுக்குள் ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். ஒவ்வொரு தீவுக்கும் டாக்சி, ஜெட்டியில் காத்திருப்பு, படகு, மறுபடி டாக்சி. படகு ஆட்டத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அந்த நாளே போச்சு. ஒரே ஒரு தீவு போதும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் நீல் தீவைத்தான் சொல்வேன், இப்போதைய பெயர் ஷஹீத் த்வீப். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. கரையிலிருந்து வெகுதூரம் முழங்கால் ஆழம்தான், அலையும் குறைவு. நீர் வடியும்போது பவளக்கல் காலைக் குத்தும், ஆகவே பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு அல்லது நீர்க் காலணி அவசியம். ஹேவ்லாக்கின் ராதாநகர் அழகில் முதலிடம், ஆனால் அலை பெரியவர்களுக்கானது. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கணுக்கால் கூட நனைக்க வேண்டாம்.

முதல் இரவும் கடைசி இரவும் ஸ்ரீ விஜயபுரத்தில், நடுவே இரண்டு இரவு தீவில் என்று போடச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு அன்றைக்குக் காலையில்தான் தீவிலிருந்து படகு என்று போடுவது சூதாட்டம். பெரிய மருத்துவமனையும் ஊரில்தான், தீவில் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சரி. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். 'மாலை கடற்கரை' என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அது மூன்று மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் பிள்ளையோடு சேர்ந்து உட்காரத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் சொல்லிவிட்டது.

லட்சத்தீவு பற்றியும் கேட்பீர்கள். காயல் அமைதியானது, பிள்ளைகளுக்கு அருமை. ஆனால் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அறைகளும் குறைவு. டிசம்பருக்கு இப்போது அலைவது வீண்.

கேள்வி: தசரா லீவுக்கு டெல்லியில் உள்ள ஒரு இணைய ஏஜென்சியில் அந்தமான் பேக்கேஜ் எடுத்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல். ரத்து செய்தால் ஒரு ரூபாய் கூடத் திரும்பாது, டிக்கெட் 'நான் ரீஃபண்டபிள்' என்கிறார்கள். டெல்லி வரை போய் வழக்குப் போட முடியுமா?
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: டெல்லி போகவே வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பெங்களூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ருதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் ஒரு மெயில் போடுங்கள். விமானம், ஹோட்டல், படகு, டாக்சி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, அதில் எது யாரிடம் போய்விட்டது என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தமாக 'இல்லை' என்று சொல்வது சுலபம், வரி வரியாகச் சொல்வது கஷ்டம். திரும்பத் தராத டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலையக் கட்டணங்களையும் அரசு வரிகளையும் திருப்பித் தர வேண்டும், அது விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிறுவனமே பொறுப்பு. காய்ச்சலுக்கான டாக்டர் சீட்டையும் தேதியோடு சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். பாதி விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஷாப்பிங் மாலில் ஒரு கூப்பனை நிரப்பிப் போட்டேன். 'கோவாவில் மூன்று இரவு இலவசம், தம்பதியாக வந்து பரிசை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று தினமும் போன். போகலாமா?
வாசகி, வைட்ஃபீல்டு

பதில்: போனால் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து விடுமுறைக் கிளப் உறுப்பினர் அட்டையை விற்பார்கள். பரிசுச் சீட்டில் விமானம், சாப்பாடு இருக்காது, பள்ளி விடுமுறை நாட்களில் செல்லாது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்றதும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே பணம் கட்டிவிட்டீர்களென்றால் ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள் எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னது எடுபடாது. வருடாவருடம் கட்டும் பராமரிப்புத் தொகை எவ்வளவு ஏறலாம் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். கிளப்பில் சேர்ந்தவர்கள் பிற்பாடு புலம்புவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: கடற்கரைக்கு மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துப் போகிறோம். சன்ஸ்கிரீன், மிதவை, ஓஆர்எஸ் என்று பட்டியல் நீள்கிறது. எதில் காசு போடலாம்?
வாசகர், அல்சூர்

பதில்: முதலில் முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். பெங்களூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தமான் வெயில் வேறு ரகம். சட்டை மறைத்த இடத்துக்கு கிரீமே தேவையில்லை. மீதி இடத்துக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல், ஜிங்க் ஆக்சைடு உள்ளது போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடி பூச வேண்டும். 'ரீஃப் சேஃப்' (பவளத்துக்குக் கெடுதல் இல்லாதது) என்ற வார்த்தைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள், பின்பக்கத்தில் ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் இல்லையே என்று மட்டும் பாருங்கள்.

ஓஆர்எஸ் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும், உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட். டப்பாவில் வரும் இனிப்புப் பழச்சாறு அல்ல. அந்த மாதிரிப் பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போடுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் தடுத்தது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். படகுக் குமட்டலுக்கு மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள், பிள்ளையின் டாக்டரைக் கேளுங்கள்.

காற்று ஊதும் கைவளையமும் வாத்து மிதவையும் விளையாட்டுச் சாமான்கள், உயிர் காக்கிறவை அல்ல. லைஃப் ஜாக்கெட் என்றால் உள்பக்கம் எத்தனை கிலோவுக்கு என்று எழுதியிருக்கும். பிள்ளையின் எடை அதற்குள் இருக்க வேண்டும், கால்களுக்கு நடுவே பட்டை இருக்க வேண்டும். கடையிலேயே மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, ஒரு அளவு குறைத்துக் கேளுங்கள்.