மூலக்கலம் எடுக்கிறது: கேட்டதும் சொன்னதும்

இரத்தப் புற்றுநோய்க்காரரின்ர சொந்த மூலக்கலங்களைச் சேகரிக்கிற பிரிவில கனகாலம் தாதியா நிண்டனான். டொக்டர் இல்லை. மருந்தின்ர அளவை மட்டும் என்னட்டக் கேளாதேங்கோ.

புதுக்குடியிருப்பு: மிஸ், 'செல் எடுக்கப் போறாங்கள்' எண்டு அம்மாவுக்குச் சொன்னன். முதுகில கிடக்கிற செல் துண்டை எடுக்கப்போறாங்கள் எண்டு நினைச்சுச் சந்தோசப்படுறா.

தம்பி, வன்னியில அந்தச் சொல்லுக்குச் சண்டையில விழுந்த எறிகணை எண்டுதானே அர்த்தம். அதாலதான் நான் 'மூலக்கலம்' எண்டுறது. என்பு மச்சைக்குள்ள இருந்து இரத்தம் உண்டாக்கிறது அதுகள்தான். அம்மாவின்ர மைலோமாவை, அதுதான் மச்சையில வந்த இரத்தப் புற்றுநோயை, அழிக்க மெல்பலான் எண்ட கடும் மருந்து ஏத்துவினம். மச்சையும் சேர்ந்து அழியும். அதுக்கு முதலே விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரிக் கலங்களை எடுத்து, உறைய வைச்சு, பிறகு திருப்பி ஏத்திறது. முதுகுத் துண்டு இதுக்குத் தடையில்லை. ஆனா எம்.ஆர்.ஐ. எண்டால் முதலே கட்டாயம் சொல்லுங்கோ. காந்தத்துக்கு உலோகம் அசையலாம், சூடாகலாம். காயம் ஆறிப்போச்செண்டு சொல்லாமல் விடுறவை எத்தினை பேர்!

மாங்குளம்: இவருக்கு ஊசி போட்டு மூண்டாம் நாள். இடுப்பும் நெஞ்செலும்பும் உளையுதெண்டு நித்திரையில்லை. வருத்தம் கூடிட்டுதோ?

இல்லையக்கா. மூலக்கலங்களை மச்சையில இருந்து இரத்தத்துக்கு வரப்பண்ணத்தான் இந்தப் பில்கிராஸ்டிம் ஊசி. அது மச்சைக்குள்ள வெள்ளைக்கலங்களைப் பெருக்குது, அதுதான் உளைவு. காய்ச்சல் இல்லையெண்டு பாத்திட்டு, டொக்டர் சொன்ன அளவில பனடோல் குடுங்கோ. வேற நோக் குளிசை கேளாமல் வேண்டாம். இடப்பக்க விலாவுக்குக் கீழ, இல்லாட்டி இடது தோளில திடீர் நோ வந்தால் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. மண்ணீரல் வெடிக்கிறது மிக அரிது, ஆனா பொறுத்துப் பாக்கிற விசயமில்லை.

முழங்காவில்: வீட்டில பிரிஜ் இல்லை. ஊசியை எங்க வைக்கிறது?

2 முதல் 8 பாகைக்குள்ள இருக்கவேணும், உறையவும் கூடாது. கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில வைச்சுப் போடுவினமோ எண்டு கேளுங்கோ. வழியில ஐஸில முட்டவிடாதேங்கோ.

வவுனியா: ஊசி தொடங்கி அஞ்சாம் நாள் கலம் எடுக்கப் போன அப்பாவை 'இண்டைக்குக் காணாது' எண்டு திருப்பி விட்டினம். நாங்கள் சாப்பாடு சரியாக் குடுக்கேல்லையோ?

உங்களில பிழையே இல்லை தங்கச்சி. இரத்தத்துக்கு வந்த சிடி34 கலங்களை, அதாவது சிடி34 எண்ட அடையாளம் உள்ள மூலக்கலங்களை, எண்ணித்தான் முடிவெடுக்கிறது. ஒருக்கா திருப்பி ஏத்த, உடல் நிறையில ஒரு கிலோவுக்குக் குறைஞ்சது 20 இலட்சம் வேணும். 40, 50 இலட்சம் வந்தால் எங்களுக்கும் நிம்மதி. வயசு, முந்திப் பிடிச்ச கதிர்ச் சிகிச்சை, கனகாலம் குடிச்ச லெனலிடோமைட் எண்ட மைலோமா மருந்து எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும். அதாலதான் லெனலிடோமைட் தொடங்கி ஏறத்தாழ நாலு சிகிச்சைச் சுற்றுக்குள்ள சேகரிக்கப் பாக்கிறது. சேகரிப்பைப் பற்றித் தொடக்கத்திலயே கேட்டு வைக்கவேணும் எண்டு நான் சண்டை பிடிக்கிறதும் இதுக்குத்தான்.

இன்னொரு வழியும் இருக்கு. மூலக்கலத்தை மச்சையோட கட்டி வைச்சிருக்கிற கயிறு மாதிரி ஒரு பிடி உண்டு. பில்கிராஸ்டிம் அதை மெல்ல மெல்லத் தளர்த்தும். பிளெரிக்சாபோர் எண்ட இன்னொரு ஊசி நேராய் அவிழ்த்துவிடும். அமெரிக்காவில 2008இல அனுமதிச்சது. எடுக்க ஏறத்தாழ 11 மணித்தியாலம் முன்னம் போடவேணும், அதால பின்னேரம் கழிச்சு, இரவிலதான் ஊசி. விலை கூட. வயிறு கொஞ்சம் போகும். கிட்னி பழுதெண்டால் அளவு குறைப்பினம்.

முல்லைத்தீவு: கலம் பிரிச்செடுக்கிற மெஷினில இருக்கேக்க உதடு விறைக்குமாமே?

இரத்தம் உறையாமல் விடுற சிட்ரேட், கல்சியத்தைப் பிடிக்கிறதால. வாய் திறந்து சொன்னால் கல்சியம் தருவினம், வேகத்தைக் குறைப்பினம். எங்கட சனம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கும்! நாலைஞ்சு மணித்தியாலம் எடுக்கும், சலம் போயிட்டு வந்து இருங்கோ.

மல்லாவி: திருப்பி ஏத்தேக்க நாத்தமாமே?

உறைய வைக்கச் சேர்க்கிற மருந்து மூச்சில வரும், ரெண்டொரு நாளில போயிடும். படுத்திருக்கிறவருக்கு அவ்வளவா விளங்காது. பக்கத்தில நிக்கிற உங்களுக்குத்தான் உள்ளி மணம்.