மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டுமா?

கேள்வி: என் மகன் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, "அக்கா, அவனை இங்கே பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடு. அரசாங்க மானியம் உண்டு, என் வீட்டிலேயே தங்கட்டும்" என்கிறான். பிளஸ் டூ படிக்காமல் பாலிடெக்னிக்கா என்று என் கணவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் நம் ஊர் தயக்கம். பத்தாவதில் மார்க் குறைந்தால் பாலிடெக்னிக் என்று இங்கே பேசிப் பேசியே பழகிவிட்டோம். சிங்கப்பூரில் அப்படியில்லை. சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக் என்று ஐந்து பாலிடெக்னிக்குகள். நர்சிங், கணக்கியல், வீடியோ கேம் வடிவமைப்பு என்று எல்லாம் உண்டு. மூன்று வருட டிப்ளமா. ஜூனியர் காலேஜுக்கு (நம் பிளஸ் டூ மாதிரி) போகும் அளவு மதிப்பெண் இருந்தும் இதைத் தேடி வரும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி மானியம். தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு மாணவர் அந்த மானியத்தை வாங்கினால், படிப்பு முடிந்ததும் மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாக அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். 16 வயதில் போகிறவன் 19-இல் டிப்ளமா முடிப்பான், 22 வரை அங்கேயே இருக்க வேண்டும். அந்த வேலையை அவனேதான் தேடிக்கொள்ள வேண்டும், அரசாங்கம் கையில் கொடுக்காது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் மானியப் பணத்தை வட்டியோடு கேட்பார்கள். யாரிடம்? ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடமும்தான். அந்தக் கையெழுத்து அநேகமாக உங்கள் தம்பியுடையதாக இருக்கும். அக்கா, தம்பி உறவில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மானியமே வேண்டாம் என்று முழுக் கட்டணம் கட்டினால் இந்தக் கட்டாய வேலை ஒப்பந்தம் கிடையாது. ஆனால் அது பெரிய தொகை. மானியம் வாங்கினாலும் உள்ளூர்ப் பிள்ளை கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

பையன் பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான் என்று கணக்குப் போடாதீர்கள். பாலிடெக்னிக் மாணவருக்குப் பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம்தான் அனுமதி. படிப்பே அவ்வளவு நேரத்தை விடாது. எனக்குத் தெரிந்த கும்பகோணத்துப் பையன் ஒருவன், கணிதத்தில் புலி, முதல் பருவத்தில் திணறியது கணிதத்தில் இல்லை. குழுவாகச் செய்த ப்ராஜெக்டை வகுப்பின் முன் நின்று ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னபோதுதான். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனான், இரண்டாவது ஸ்லைடிலேயே ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டுவிட்டார். உங்கள் மகன் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். நேரடியாக அந்தந்த பாலிடெக்னிக்கின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சி.பி.எஸ்.இ. மாணவருக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். 'சிங்கப்பூர் டிப்ளமா' என்று விளம்பரம் செய்யும் தனியார் கல்லூரிகள் வேறு வகை. அவற்றுக்கு இந்த மானியம் கிடையாது.

இங்கேயே படித்தாலும் ஒன்றும் குறைந்துபோகாது. டிப்ளமா முடித்துவிட்டு நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். 22 வயதுக்குள் பட்டம் கையில் இருக்கும். ஆறு வருடம் அங்கேயே இருக்க அவன் மனதார ஆசைப்பட்டால் மட்டும் அனுப்புங்கள் என்பேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. தம்பி இருப்பது மூன்றறை வீடா என்று கேளுங்கள். சிங்கப்பூர் கணக்கில் மூன்றறை என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். அதில் அவர் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைக்கும் இடம் வேண்டும். தம்பி சரி என்றுவிட்டார். தம்பி மனைவியிடம் நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், மூன்று வருடம் சமைத்துப் போடப்போவது அவர்தானே.