600 மி.மீ-இல் பறவை மங்குகிறதா? முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள்

கேள்வி: நிகான் டி7500 கேமராவுக்கு சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று 600-இல் எடுத்த படங்கள் பெரும்பாலும் மங்கல். 300-இல் பரவாயில்லை. லென்ஸைக் காலிபரேஷன் செய்ய, அதாவது ஃபோகஸ் சரியான இடத்தில் விழும்படி திருத்த, கடைக்காரர் ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார். கூடவே லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் பறவை பெரிதாக வரும் என்கிறார். எதைச் செய்வது? (வாசகர், மதுராந்தகம்)

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, வீட்டிலேயே லென்ஸைச் சோதித்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்காவது லென்ஸில் கோளாறு இருக்காது என்பது என் கணிப்பு.

கன்வெர்ட்டர் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் லென்ஸின் திறப்பு 600-இல் எஃப் 6.3; இந்த எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதில் 2 எக்ஸ் மாட்டினால் எஃப் 13 அளவுக்குப் போய்விடும், வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். உங்கள் கேமராவின் ஆட்டோஃபோகஸ் எஃப் 8 வரைக்கும்தான் தாங்கும், அதுவும் நடுப்புள்ளியில் மட்டும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். 1.4 எக்ஸ் போட்டாலும் எஃப் 9 ஆகிறது. விற்கிறவருக்கு இதெல்லாம் தெரியாதா என்ன?

இனி மங்கலுக்கு வருவோம். படத்தைக் கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவை மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள சுள்ளி கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு இரட்டையாகத் தெரிந்தால் கை ஆட்டம். அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் ஒன்று கூர்மையாக, அடுத்தது மங்கலாக, அதற்கடுத்ததில் கிளையின் ஓரம் நெளிந்து, இப்படி ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தால் குற்றவாளி காற்றுதான்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இந்த மூன்றாவதன் மீதுதான். வெயில் ஏறியதும் கரை, நடைபாதை, சேறு, கருவேல மரங்களின் உச்சி எல்லாம் ஒவ்வொரு அளவில் சூடாகின்றன. சூடான காற்று மேலே எழும்புகிறது, குளிர்ந்தது இறங்குகிறது. ஒளி இந்த அடுக்குகளைக் கடந்து வரும்போது வளைகிறது. தார்ச்சாலையில் கண்ணால் பார்க்கும் கானலேதான் இது. 300-இல் அது சின்னதாக இருப்பதால் தெரிவதில்லை, 600-இல் இரட்டிப்பாகத் தெரிகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆட்டோஃபோகஸும் நடுங்கும் ஓரத்தைத்தான் பார்க்கிறது, ஆகவே அதுவும் தடுமாறும்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். வெண்தொண்டை மீன்கொத்தி 28 செ.மீ. நீளம். 40 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் உங்கள் கேமராவில் அது ஏறக்குறைய 1,000 பிக்சல் நீளத்துக்கு விழும். 120 மீட்டரில் அதே பறவை 330 பிக்சல்தான். அதை வெட்டிப் பெரிதாக்கிவிட்டு லென்ஸ் சரியில்லை என்று சொன்னால் லென்ஸ் பாவம். தூரம் மூன்று மடங்காகும்போது நடுவில் உள்ள கானலும் கூடவே கூடுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் எடுங்கள். மேகம் போட்ட நாள் கிடைத்தால் விடாதீர்கள். பதினொரு மணிக்குக் கேமராவை மூடி வைத்துவிட்டுக் கூழைக்கடா எப்படி இறங்குகிறது என்று பைனாகுலரில் பாருங்கள். காரிலிருந்து எடுப்பதானால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, எஞ்சினை அணைத்துக் கால்மணி நேரம் விடுங்கள். ஜன்னல் வழியே வெளியேறும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வேறுபாடு ஒன்றே படத்தைக் கெடுக்கப் போதும். காரிலிருந்து அப்போதுதான் எடுத்த லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடுக்குள்ளும் இதே வேலை நடக்கும்.

அடுத்தது ஃபில்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள் என்பதால், முன்னால் 95 மி.மீ. யூவி கண்ணாடி ஒன்று திருகப்பட்டிருக்கும் என்று பந்தயமே கட்டலாம். "பாதுகாப்புக்கு" என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். கடைக்காரருக்கு லென்ஸில் கிடைக்கும் லாபத்தைவிட அந்தக் கண்ணாடியில் கிடைக்கும் லாபம் சுகமானது. 50 மி.மீ. லென்ஸில் அந்த மட்டமான கண்ணாடி பெரிய தொல்லை தராது. 600-இல் அதன் சிறு வளைவும் பெரிதாகிவிடும். பின்னணியில் உள்ள கிளைகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் ஃபில்டர்தான் காரணம் என்று சந்தேகப்படலாம். கழற்றி வைத்துவிடுங்கள். அடிபடாமல் காப்பாற்றுவது ஹூடின் வேலை.

சோதனைக்கு வருவோம். காலை ஆறரை மணிக்கு, வெயில் படாத சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, 15 மீட்டர் தள்ளி ட்ரைபாடை வையுங்கள். லென்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காலைத்தான் ட்ரைபாடில் பூட்ட வேண்டும். கேமராவின் அடியில் பூட்டினால் ஏறக்குறைய இரண்டு கிலோ லென்ஸும் கேமராவோடு சேரும் மவுன்ட்டில் தொங்கும். லென்ஸில் உள்ள ஆட்டத் தடுப்பான ஓஎஸ்ஸை அணையுங்கள், டைமரைப் போடுங்கள். பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஐந்து படம், வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். பிறகு ஃபில்டரை மாட்டி இன்னொரு ஐந்து.

லைவ் வியூவும் வியூஃபைண்டரும் ஒரே மாதிரி கூர்மையாக வந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ், விவகாரம் முடிந்தது. லைவ் வியூவிலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது; அது சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

இதில் காலிபரேஷன் உண்மையிலேயே தேவைப்படும் நிலை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆறாயிரம் இதன் பெயரைச் சொல்லித்தான் கேட்கப்படுகிறது. லைவ் வியூ படங்கள் கூர்மையாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் ஐந்தும் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் மட்டும் அது தேவை. பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சரளைத் தரையில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி அதன் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பெட்டிக்கு முன்னால் உள்ள கல் கூர்மையா, பின்னால் உள்ளதா என்று பாருங்கள். 15 மீட்டரில் எஃப் 6.3-இல் கூர்மையாக இருக்கும் ஆழமே மொத்தம் 16 செ.மீ. அளவுதான், ஆகவே தள்ளல் தெளிவாகத் தெரியும். ஒரு முறை முன்னால், மறுமுறை பின்னால் என்று மாறிமாறி விழுந்தால் அது ஆட்டோஃபோகஸின் இயல்பான சிதறல், எந்தக் காலிபரேஷனாலும் தீராது. ஒரே பக்கமாகத் தள்ளினால் அதைத் திருத்தக் கேமரா மெனுவில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் இருக்கிறது. ஆனால் அது லென்ஸுக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் ஏற்கும்: 600-இல் சரிசெய்தால் 150-இல் கெடலாம். லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிக்மாவின் யூஎஸ்பி டாக்கில் நாலு ஃபோகல் நீளம், நாலு தூரம் என்று பதினாறு எண்கள் தனித்தனியாகப் போடலாம். நிகான் மவுன்ட் டாக் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினால் காலிபரேஷனை நீங்களே செய்துகொள்ளலாம். மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லையே பொதுவாக இல்லை.

செட்டிங்ஸ் எல்லாம் சுலபம். மேனுவல் மோட், எஃப் 8, உட்கார்ந்த பறவைக்கு 1/1250, பறப்பதற்கு 1/2500, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400. ஏரியில் 10 மீட்டருக்குள் எதுவும் வரப்போவதில்லை, லென்ஸில் ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை 10 மீட்டருக்கு மேல் என்று வைத்தால் தேடல் குறையும். கொக்கும் கரண்டிவாயனும் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை 0.7 குறையுங்கள்.

படம் மங்கலாக வரும் கடுப்பில் இருக்கிறவரைக் "கூட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போகிறேன்" என்று அழைக்க ஆள் இருக்கும். போகாதீர்கள். கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. மாட்டினால் கூட்டிப்போனவர் நழுவிவிடுவார், கேமராவோடு நிற்பது நீங்கள்தான். ஸ்பீக்கரில் குரல் போட்டுப் பறவையை வரவழைப்பவரும் அதே ரகம்.

சர்வீஸுக்கு அனுப்பித்தான் தீர வேண்டும் என்றால், செய்தித்தாள் படங்களை ஃபைலாகக் கூடவே கொடுங்கள், லென்ஸின் சீரியல் எண்ணைக் குறித்து ரசீது வாங்குங்கள். "மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு "அளவுக்குள் உள்ளது" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். யாருடைய அளவு என்று கேட்டால் பதில் வராது. பழைய உரிமையாளரிடம் ஜிஎஸ்டி பில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். பில் இல்லாமல் சூட்கேஸில் வந்திறங்கிய லென்ஸாக இருந்தால், இந்தியாவில் வாரண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அப்படியானால் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்பதை, திறப்பதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.