ரப்பர் முகமூடிக்குள் ஒரு நடிகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் வரும் வேற்றுக்கிரகவாசிகளான வேயூன், பிரன்ட், ஷ்ரான் மூன்று பேருமே ஜெஃப்ரி கோம்ப்ஸ் என்ற ஒரே நடிகர்தான் என்று தெரிந்ததும் நம்பவே முடியவில்லை. இவ்வளவு திறமைசாலியை ரப்பர் முகமூடிக்குள் அடைத்தே வீணடித்துவிட்டார்களே? ஒரு தொடரிலாவது முதன்மை வேடம் கொடுத்திருக்கலாம் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வீணடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ரப்பர் இல்லாவிட்டால் அவருக்கு இவ்வளவு வேலையே வந்திருக்காது. ஒரு அத்தியாயத்துக்கு வந்துபோன நடிகரை அடுத்த வருடம் அதே தொடரில் வேறு ஆளாகக் கொண்டுவந்தால் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதிலும் நன்றாக நடித்தவர் என்றால் நிச்சயம் கண்டுபிடிப்பார்கள். வேற்றுக்கிரகவாசி ஒப்பனையில் அந்தத் தொல்லை இல்லை. கோம்ப்ஸ் ஸ்டார் டிரெக் தொடர்களில் ஒன்றான டீப் ஸ்பேஸ் நைனுக்கு 1994-இல் ஒரு சின்ன வேடத்தில் வந்தார், 1995-இல் ஃபெரெங்கி என்ற வேற்றுக்கிரக இனத்து அதிகாரி பிரன்ட் ஆனார், 1996-இல் வேயூன்.

வேயூன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்த முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஆனால் நடிப்பு தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போனதால், அந்த இனத்தில் ஒருவர் செத்தால் அவருடைய குளோன் (அச்சு அசலான நகல்) வந்துவிடும் என்று எழுதி 1997-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். (குடும்பத் தொடராக இருந்தால் ஒரு இரட்டைச் சகோதரனை இறக்கியிருப்பார்கள்.) அப்புறம் 1998-இல் இரண்டு வேயூன்கள் திரை வழியாக ஒருவரோடொருவர் பேசும் அத்தியாயம் வந்தது. ஒருவன் விசுவாசி, மற்றவன் கட்சி மாறியவன். ஒப்பனையும் முகமும் ஒன்றுதான், ஆனாலும் யார் யார் என்பதில் நமக்குக் குழப்பமே வராது. 1999-இல் ஒரே அத்தியாயத்தில் பிரன்டாகவும் வேயூனாகவும் வருகிறார்.

முகமூடிக்குள் நடிப்பது சாதாரண வேலை இல்லை. நுரை ரப்பர் சின்னச் சின்ன முகபாவங்களையெல்லாம் விழுங்கிவிடும். மிச்சமிருப்பது கண், குரல், கழுத்து, தோள். மேடையில் பழகிய நடிகர்கள் இந்த வேடங்களில் ஜொலிப்பதற்குக் காரணம் இதுதான், கோம்ப்ஸும் மேடையிலிருந்து வந்தவர். பிரன்டுக்குத் தலை முழுக்க ரப்பர், அதனால் எல்லாவற்றையும் குரலிலேயே கொட்டுகிறார். வேயூனுக்கு ஒப்பனை அதைவிடக் குறைவு, அதனால் அந்தப் பவ்யமான புன்னகையே போதுமாக இருக்கிறது. எண்டர்பிரைஸ் என்ற இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரில் ஷ்ரானின் உணர்கொம்புகளை அசைப்பது ரிமோட். அந்தக் கோபம் மட்டும் இவருடையது.

முதன்மை வேடம் பற்றிக் கேட்டீர்கள். எண்டர்பிரைஸுக்கு ஐந்தாவது சீசன் வந்திருந்தால் ஷ்ரானை நாயகர்களின் விண்கப்பலிலேயே சேர்த்திருப்போம் என்று அதன் தயாரிப்பாளர்கள் பின்னால் சொன்னார்கள். 2005-இல் தொடரையே நிறுத்திவிட்டார்கள். இது எனக்கும் வருத்தம்தான். ஆனால் வாராவாரம் வரும் நாயகன் ஒரே ஆளாகத்தான் இருந்தாக வேண்டும், எப்போதாவது வருகிறவன் வந்த காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கோம்ப்ஸுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

இதேபோல் ஸ்டார் டிரெக்கில் பல வேற்றுக்கிரகவாசிகளாக வந்த மார்க் லெனார்டை அடுத்து பாருங்கள். 1966-இல் ரோமுலன் இனத் தளபதி, 1967-இல் முதல் தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் அப்பா, 1979 திரைப்படத்தில் கிளிங்கான் இனக் கேப்டன். மகன் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோயைவிட மார்க் லெனார்ட் ஏழு வயதுகூட மூத்தவர் இல்லை.