தொள்ளாயிரம் சொல் படித்தும் மெயிலில் ஒன்றும் வரவில்லையா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். தினம் பத்து ஆங்கிலச் சொல் என்று மூன்று மாதம் மனப்பாடம் செய்தேன். வெளிநாட்டுப் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் எழுத உட்கார்ந்தால் அதே பழைய நாலு வார்த்தைதான் வருகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, வாலாஜா

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறக்கின்றன என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. எங்கும் பயன்படுத்தாத பட்டியல் சொல்லும் நமக்கு அப்படி ஒரு வெற்று ஓசைதான். அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். உங்கள் மேஜையில் இருக்கும் ஃபைலிலிருந்தே சொல் எடுக்கலாம்.

'எக்ஸ்பெடைட்' என்ற சொல்லைப் பாருங்கள். ஷிப்மென்டைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லும்போது தேவைப்படுவது. லத்தீனில் 'பெட்' என்றால் பாதம். தளையிலிருந்து காலை விடுவிப்பது எக்ஸ்பெடைட்; காலைத் தளையில் சிக்கவைப்பது இம்பீட், அதாவது தடுப்பது. பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அதே பாதம்தான். நாளெல்லாம் காலணியோடு புழங்கும் உங்களுக்கு இந்தக் குடும்பம் லேசில் மறக்காது. ஆனால் வேர்ச்சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. வேலூர் ஆஸ்பத்திரிகளில் 'பீடியாட்ரிக்ஸ்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்த 'பீட்' பாதம் இல்லை. கிரேக்க மொழியில் குழந்தை. சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுங்கள்.

அப்புறம், கூட்டுச் சேர்க்கை. தமிழில் கோலம் போடுகிறோம், விளக்கு ஏற்றுகிறோம். மாற்றிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். டெட்லைனை 'மீட்' செய்ய வேண்டும், ஆர்டரை 'பிளேஸ்' செய்ய வேண்டும். ஆகவே நோட்டில் தனிச் சொல்லை எழுதாதீர்கள், ஜோடியாக எழுதுங்கள்.

உயர்ந்த சொல்வளம் என்றால் நீளமான வார்த்தைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நுணுக்கமான வித்தியாசம் தெரிவதைத்தான் சொல்வளம் என்பேன். சரக்கு 'டிலே' ஆனது என்றால் தாமதமாகிவிட்டது. 'போஸ்ட்போன்' செய்தோம் என்றால் நாமே தள்ளிவைத்தோம். துறைமுகத்தில் கப்பல் தாமதமானதற்கு இரண்டாவது சொல்லைப் போட்டால், பழி உங்கள் கம்பெனி தலையில் விழும். உங்கள் தொழிலிலேயே இன்னொன்று இருக்கிறது: மாடு, எருமைத் தோல் 'ஹைட்', ஆட்டுத் தோல் 'ஸ்கின்'. இந்தக் கூர்மை உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் உண்டு.

எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். கல்லூரிப் பாடநூல் ஆங்கிலத்துக்காக ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் இருப்பதே 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). உங்களுக்கு வாரம் ஐந்து சொல் போதும். எடுத்த அன்று இரவு, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு, நோட்டை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அன்றைய வேலையை வைத்து ஒரு புது வாக்கியம் எழுதுங்கள். பையரிடமிருந்து வரும் பதிலில் தெரியாத சொல் இருந்தால், அடுத்த வாரப் பக்கத்தில் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.