நாரைக்கு விரித்த பந்தி

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு வீட்டுப் பின்பக்கம் ஒரு குளம் கட்டினார். முழங்கால் ஆழம்தான். மூன்று பக்கம் கூழாங்கல் பரப்பிக் கடற்கரை மாதிரி சரிவாக இறக்கி, ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்பியிருக்கிறார். பதினான்கு கோய் அலங்கார மீன் விட்டோம். போன மாதத்திலிருந்து விடியற்காலையில் சாம்பல் நிறத்தில் ஒரு நெட்டைக் கால் பறவை வருகிறது. கழுத்து வெள்ளை, கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை. இப்போது மிச்சம் ஐந்து மீன். அதில் பெரியதற்கு முதுகில் குத்துக்காயம். மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது, தீனிக்கு வருவதில்லை. புரட்டாசி என்று நாங்களே மீனைத் தொடாமல் இருக்கிறோம், அது மட்டும் தினமும் விருந்து சாப்பிடுகிறது! ஹடீடாப் பறவையும் இதற்குக் கூட்டாளி என்கிறார் கணவர். ஏர்கன் வாங்கப் பணம் எடுத்து வைத்துவிட்டார். மாமியாரோ, குளத்துச் சுவர்மேல் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறவர். இந்த வீட்டில் பறவையைச் சுடுவதா என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மிச்ச மீனை ஆற்றில் விட்டுவிடச் சொல்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மாமியார் சொல்வதில் பாதி சரி. கணவர் சொல்வதில் எதுவும் சரியில்லை. ஆனால் அந்த வழக்கைப் பிறகு பார்ப்போம்; காயம்பட்ட மீன் அதுவரை காத்திருக்காது.

ஒரு நூறு லிட்டர் தொட்டியை நிழலில் வைத்து, குளத்துத் தண்ணீராலேயே நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்; அதில் இருக்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். நூறு லிட்டருக்கு 300 கிராம் கல்லுப்பு, அயோடின் சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். மீன் கடையில் கிடைக்கும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டியில் ஓடவிடுங்கள். மீனைக் கைவலையால் அள்ளித் தூக்கவேண்டாம். செதில் பெயர்ந்து காயம் பெரிதாகும். அகலமான பேசின் ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடித்து, மீனை அதற்குள் ஒதுக்கி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். தொட்டிக்கு மேல் ஏதாவது மூடி வேண்டும், கோய் துள்ளி வெளியே விழும் சாதி. முதல் இரண்டு நாள் தீனி போடாதீர்கள். தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்றி, எடுத்த தண்ணீருக்கு ஏற்ற உப்பை மட்டும் சேருங்கள். காயத்தின் ஓரம் சிவந்து பரவினாலோ, பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படர்ந்தாலோ, உப்பை நம்பிக்கொண்டிருக்காமல் மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, திருடன் யார்? வெள்ளைக் கழுத்து, கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை என்று நீங்கள் எழுதியதே போதும். அது சாம்பல் நாரை. நின்றால் ஒரு மீட்டர் உயரம் தெரியும், தூக்கிப் பார்த்தால் ஒன்று முதல் இரண்டு கிலோதான் இருக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் நிற்பதும் இதே பறவைதான். டர்பன் பக்கம் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு: உச்சந்தலையும் பின்கழுத்தும் கறுப்பாக இருக்கும். அது பெரும்பாலும் புல்வெளியில் எலி, பல்லி, வெட்டுக்கிளி என்று தேடித் திரியும். அது வந்தால் விரட்டாதீர்கள், எலிப்பொறிச் செலவு மிச்சம்.

சிறிய மீன்கள் தடயமில்லாமல் மறைந்ததும், பெரியது குத்துப்பட்டுத் தப்பியதும் நாரையின் கையெழுத்து. விழுங்க முடிந்ததை முழுசாக விழுங்கிவிடும். முடியாததைக் குத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். மாறாக, காலையில் கரையில் பாதி தின்ற மீனும் சிதறிய செதிலும் கிடந்தால் இரவில் வந்தது நீர்நாயாக இருக்கலாம். டர்பன் ஓடைகளில் அது உண்டு. மீன்கொத்தி என்றால் மேலிருந்து பாய்ந்து சின்னக் குஞ்சுகளை மட்டும் கொண்டுபோகும்.

ஹடீடா பாவம். அரிவாள் மூக்கன் சாதியில் இந்த ஊர்ப் பிறப்பு அது. விடியலில் கூரைமேல் உட்கார்ந்து தெருவையே எழுப்பிவிடுவதால் எல்லாக் குற்றமும் அதன் தலையில் விழுகிறது. அது அந்த வளைந்த மூக்கைப் புல்வெளியில் விட்டு மண்புழுவையும் நத்தையையும் வண்டுப் புழுவையும் தோண்டித் தின்கிற பறவை. உங்கள் கோய் மீன்மேல் அதற்குக் கண்ணில்லை. சத்தத்துக்கு வேண்டுமானால் கணவர் அதைத் திட்டட்டும், மீனுக்காகத் திட்டவேண்டாம்.

ஏர்கன் கதையை இத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள். குடியிருப்புப் பகுதியில் தகுந்த காரணம் இல்லாமல் ஏர்கன் சுடுவது 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். காட்டுப் பறவையை அனுமதியில்லாமல் கொல்வது நேட்டால் மாகாண இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1974இலிருந்தே குற்றம். குண்டு நாரைமேல் படுவதைவிடப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் படத்தான் வாய்ப்பு அதிகம் என்பது வேறு. இவ்வளவுக்கும் பிறகு ஒன்றைச் சுட்டாலும் வேறொன்று வரும். உங்களுக்கு ஒரு பக்கம் உம்லதூசானா ஆறு, மறுபக்கம் உம்லாஸ் ஆறு. இந்த மாதங்களில் மழை இன்னும் பிடிக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைவு. பெரும்பாலான நாரைக் கூடுகளில் குஞ்சு வாயைத் திறந்துகொண்டிருக்கும் காலமும் இதுதான். ஆகாயத்தில் போகிற நாரைக்குக் கீழே உங்கள் குளம் எப்படித் தெரியும்? முழங்கால் தண்ணீர், இறங்கி நடக்க வசதியான சரிவு, ஒளிய ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பும் வெள்ளையுமாக நீந்தும் மீன். பந்தி விரித்து இலையும் போட்டுவிட்டு, விருந்தாளி வந்து உட்கார்ந்தால் கோபப்படுகிறோம்.

பந்தியை எடுக்கிற வேலை இரண்டு கட்டம். வருகிற சனிக்கிழமைக்குள் செய்யவேண்டியது வலை. மற்றதெல்லாம் ஆற அமரச் செய்யலாம்.

வலை போட்டும் மீன் போயிற்று என்று சொல்கிறவர்களின் குளத்தைப் போய்ப் பார்த்தால், வலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு தொய்ந்து கிடக்கும். நாரை அதன்மேலேயே ஏறி நிற்கும், அதன் எடைக்கு வலை இன்னும் தாழும், வலைக் கண் வழியாக மூக்கை விட்டுக் குத்தும். ஆகவே வலை தண்ணீர் மட்டத்துக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் மேலே, தட்டினால் மேளம்போல அதிரும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்கவேண்டும். பிவிசி குழாயில் ஒரு சட்டம் செய்து, குறுக்கே இரண்டு மூன்று கம்பி இழுத்து, அதன்மேல் வலையை விரியுங்கள். ஓரங்களைத் தரைவரை கொண்டுவந்து முளையடித்து முடியுங்கள். நாரை நடந்தே உள்ளே நுழையும், ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி அதற்குப் போதும். வலைக் கண் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். மீன்பிடிக்கும் மெல்லிய நைலான் வலை கையில் இருக்கிறதே என்று அதைக் கட்டிவிடாதீர்கள். தவளை, பாம்பு, தேன்சிட்டு எல்லாம் அதில் சிக்கிச் சாகும், அதை அறுத்தெடுக்கும் வேலை உங்களுக்கு வரும். கெட்டி நூல், கண்ணுக்குத் தெரிகிற நிறம். சாட்ஸ்வொர்த் என்பதால் இன்னொன்று: குரங்குக் கூட்டம் மாமரத்துக்குப் போகும் வழியில் உங்கள் வலையில் ஒரு தடவை குதித்துப் பார்க்காமல் போகாது. சட்டத்தை அதற்கேற்ற பலத்தோடு செய்யச் சொல்லுங்கள். கணவருக்கு நல்ல வேலை கிடைத்த மாதிரியும் இருக்கும்.

வலை அழகைக் கெடுக்கிறது என்று அவர் முகம் சுளித்தால், குளத்தைச் சுற்றி நூல் கட்டலாம். நாரை நேராகத் தண்ணீரில் இறங்குவது குறைவு. கொஞ்சம் தள்ளி இறங்கி, கால் எடுத்து வைத்து நடந்து வரும். கரையிலிருந்து ஓரடி தள்ளி முளைகள் நட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வரிசை, அதற்கு மேல் இன்னொரு சாணில் ஒரு வரிசை என்று கெட்டியான தூண்டில் நூலை விறைப்பாகக் கட்டினால், காலில் தட்டுவது என்னவென்று புரியாமல் பின்வாங்கும். இது வலை அளவுக்கு நம்பகமில்லை. நாள்பட்ட நாரை தாண்டக் கற்றுக்கொள்ளும். அசைவு பட்டதும் தண்ணீரைப் பீச்சுகிற சென்சார் கருவி இதைவிட மேல். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் அது வெறும் கம்பம்.

கடையில் பிளாஸ்டிக் நாரை பொம்மை விற்கிறார்களே, ஒன்று நிற்கிற இடத்துக்கு இன்னொன்று வராதாமே என்று யாராவது சொல்வார்கள். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்த கதைதான். ஆற்றோரத்தில் நாரைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் பிடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அசையாத பொம்மை, இங்கே மீன் இருக்கிறது என்று விளம்பரப் பலகை வைத்ததாக முடியவும் கூடும். அந்தக் காசில் நல்ல வலையாக வாங்குங்கள்.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான தீர்வு. கணவருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அந்தக் கடற்கரைச் சரிவு போகவேண்டும். கோய் குளத்துக்குக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழம், முடிந்தால் 1.5, சுவர் நாலு பக்கமும் செங்குத்தாக, தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே. நின்று பிடிக்கத் தரை இல்லாவிட்டால் நாரைக்கு வேலை நடக்காது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடானால் இந்த ஆழத்துக்கு வலையோ வேலியோ எப்போதும் இருந்தாகவேண்டும், அதில் சமரசம் வேண்டாம். இப்போதைக்குக் குளத்தை உடைக்க வசதியில்லை என்றால், அகலமான சிமெண்டுக் குழாய் இரண்டு மூன்றைப் படுக்கவைத்து மூழ்க விடுங்கள். ஆபத்தென்றால் மீன் தானே உள்ளே ஓடிவிடும்.

நிழலுக்குச் செடி வைக்கலாம், கவனித்து வையுங்கள். ஊதாப் பூ பூக்கும் வெங்காயத்தாமரையை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கவேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அது ஆக்கிரமிப்புச் செடி. வளர்ப்பதே சட்டப்படி தப்பு. உம்கேனி ஆற்றை அது மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பதில் நீலாம்பல். நம் கோயில் குளங்களில் பூக்கும் அதே இனம் இந்த மண்ணிலும் தானாக வளர்கிறது. தண்ணீர்ப் பரப்பில் பாதியை அதன் இலை மூடினால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு மீன் தெரியாது. வேரைக் கோய் கிளறும். தொட்டியில் நட்டு மேலே பெரிய கல்லாக வையுங்கள்.

அடுத்தது உங்கள் மாமியாரிடம் நயமாகச் சொல்லவேண்டிய விஷயம். சுவர்மேல் வைக்கிற சோற்றைக் காக்கை கிளறும்போது பாதி குளத்தில் விழும். தினமும் அதே நேரத்தில், அதே ஓரத்தில் சோறு விழுந்தால் மீன் அங்கேதான் வந்து மேலே மிதக்கும். நாரைக்கு நேரம்கூடத் தெரிந்துபோகும். காக்கைச் சோற்றைக் குளத்தைவிட்டுத் தள்ளி, வாசல் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். (அதைத் தின்கிற காக்கையும் அநேகமாக நம் ஊர்க் காக்கைதான், கப்பலேறி வந்து 1970களில் டர்பனில் குடியேறியது. அரசாங்கம் அதையும் ஆக்கிரமிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது, இதை மாமியாரிடம் சொல்லவேண்டாம்.) நீங்கள் தீனி போடும்போதும் ஆழமான நடுப்பக்கமாகப் போடுங்கள், நேரத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். மின்வெட்டில் பம்பு நின்றால் காற்றுக்காக மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், அதுவும் நாரைக்கு வசதி. பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வையுங்கள்.

கடைசியாக ஆறு. பறவையைச் சுடவேண்டாம் என்ற மட்டில் மாமியார் பக்கம் நான் நிற்கிறேன். விரட்டினால் பாவம் ஒன்றும் வராது, அது போய் ஆற்றில் தன் பிழைப்பைப் பார்க்கும், அவர் சாப்பிடலாம். ஆனால் மீனை ஆற்றில் விடுவதற்கு நான் உடன்படமாட்டேன். கோய் என்பது நிறம் ஏற்றி வளர்த்த கெண்டை. இந்த நாட்டு ஆற்று மீனல்ல. அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, அங்கே பிறந்த மீன்களின் முட்டையையும் தீனியையும் கெடுக்கும். சட்டமும் அனுமதிக்காது. அந்தச் சிவப்பு நிறத்தோடு ஆற்றில் எத்தனை நாள் பிழைக்கும் என்பதையும் மாமியாரை யோசிக்கச் சொல்லுங்கள். வளர்க்க மனமில்லை என்றால் டர்பனில் கோய் வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆழமான குளம் உள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் அவர் வலை போட்டிருக்கிறாரா, அது தொய்ந்து கிடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.